சிறையில் இருப்பவரின் உடல்நலம்: வெளியில் இருக்கும் குடும்பம் என்னென்ன செய்யலாம்?

தம்பியை ரிமாண்ட் செய்த அன்று வீட்டில் எல்லோரும் வக்கீலைத் தேடி ஓடிக்கொண்டிருந்தோம். அவனுடைய வலிப்பு மாத்திரை டி.வி. ஸ்டாண்டு மேல் அப்படியே கிடந்தது. நான்காம் நாள் விடியற்காலையில் கிளைச்சிறையில் அவனுக்கு வலிப்பு வந்து, உதட்டில் பல் இறங்கி நான்கு தையல் போட்டார்கள். அவனுக்கு அந்த நோய் இருப்பது உள்ளே யாருக்கும் தெரியாது. அட்மிஷன் அன்று "ஏதாவது சீக்கு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். பயத்தில் "ஒண்ணும் இல்லை சார்" என்று சொல்லிவிட்டான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பல குடும்பங்களோடு சிறை வாசலில் நின்றிருக்கிறேன். எல்லோருக்கும் முதலில் சொல்வது ஒன்றுதான்: உள்ளே போனவருடைய நோயின் கதை முழுக்க உங்களிடம்தான் இருக்கிறது. அதைக் காகிதத்தில் எழுதி, உரிய ஆளிடம் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். கீழே உள்ளதெல்லாம் தமிழ்நாட்டுச் சிறைகளை மனதில் வைத்து எழுதியது. இந்தியாவில் சிறை என்பது மாநில அரசின் பொறுப்பு. இங்கே 1894-ஆம் ஆண்டு சிறைகள் சட்டமும் 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு சிறை விதிகளும்தான் அடிப்படை.

கைதான முதல் நாள்

கைது செய்யப்பட்டவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 53-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த அறிக்கையின் நகல் கைதானவருக்கோ, அவர் சொல்லும் ஒருவருக்கோ கிடைக்க வேண்டும். "என் அக்காவிடம் கொடுங்கள்" என்று அவர் மருத்துவரிடமே சொல்லலாம். பலருக்கு இது தெரியாததால் அந்த நகல் வீட்டுக்கு வருவதே இல்லை.

அடுத்து மாஜிஸ்திரேட். ரிமாண்டுக்கு முன் நிறுத்தும்போது, "அடித்தார்களா, உடம்புக்கு ஏதாவது உண்டா" என்று கேட்பார். அங்கே வாயைத் திறப்பது மிக முக்கியம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் மருத்துவச் சான்று, மாஜிஸ்திரேட், ரிமாண்ட் என்று எல்லாப் படிகளையும் தாண்டித்தான் கோவில்பட்டி கிளைச்சிறைக்குப் போனார்கள். இரண்டு மூன்று நாளில் இருவரும் இறந்தார்கள். படிவம் நிரம்புவதும் உடம்பைப் பார்ப்பதும் வேறு வேறு. எனவே காயம், நோய், தினசரி மாத்திரை மூன்றையும் வக்கீல் மூலம் ஒரு சிறு மனுவாக எழுதிக் கொடுத்து, ரிமாண்ட் உத்தரவிலேயே "உரிய மருத்துவ வசதி செய்து தர வேண்டும்" என்ற வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் சிறை வாசலில் உங்கள் பேச்சுக்கு மதிப்பு கூடும்.

வக்கீல் இல்லையா? சிறையில் இருக்கும் யாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு அதை உறுதி செய்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

ஒரு பக்கக் குறிப்பு

ரிமாண்ட் ஆன அன்றோ மறுநாளோ சிறைக்குப் போய்விட வேண்டும். உள்ளே வரும் ஒவ்வொருவரையும் மருத்துவர் பரிசோதித்து, உடல்நிலையையும் காயங்களையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது சிறைகள் சட்டத்தின் 24-ஆவது பிரிவு. அந்தப் பதிவு சரியாக இருக்க உங்கள் குறிப்பு வேண்டும்.

கண்காணிப்பாளருக்கும் சிறை மருத்துவ அலுவலருக்கும் சேர்த்து எழுதுங்கள். கதை வேண்டாம். என் தம்பிக்கு இரண்டாம் முறை நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"பெறுநர்: கண்காணிப்பாளர் அவர்கள், மற்றும் மருத்துவ அலுவலர் அவர்கள். ஐயா, தங்கள் சிறையில் ரிமாண்டில் இருக்கும் என் தம்பிக்கு (பெயர், தந்தை பெயர், வயது, குற்ற எண், காவல் நிலையம்) எட்டு வருடமாக வலிப்பு நோய் உள்ளது. காலையும் இரவும் மாத்திரை எடுக்க வேண்டும். ஒரு வேளை தவறினாலும் வலிப்பு வரக்கூடும். மருந்தின் பெயரும் அளவும் இணைத்துள்ள சீட்டில் உள்ளன. ஏற்கெனவே மாத்திரை நின்றதால் கிளைச்சிறையில் வலிப்பு வந்து தையல் போடப்பட்டது. மருந்து தடையின்றிக் கிடைக்கவும், மேல் பெர்த்தோ உயரமான இடமோ தராமல் தரையில் படுக்க வைக்கவும் வேண்டுகிறேன். அவசரம் என்றால் அழைக்க வேண்டிய எண்…"

இதோடு மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை ஆகியவற்றின் நகலை வையுங்கள். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், திரும்பி வராது. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைத் தனி வரியில் பெரிதாக எழுதுங்கள். ரிமாண்ட் கைதி எண்ணோ, தண்டனைக் கைதி என்றால் சி.டி. எண்ணோ தெரிந்ததும் எல்லாக் கடிதத்திலும் அதைப் போடுங்கள். புழல் மாதிரிப் பெரிய சிறையில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள்.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை வேண்டாம். அன்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நல அலுவலர் என்று ஒருவர் மத்திய சிறைகளில் இருப்பார். வாசலில் பேச முடியாததை அவரிடம் பேசலாம்.

கிளைச்சிறை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பெரும்பாலும் முழுநேர மருத்துவர் இருக்க மாட்டார். பக்கத்து அரசு மருத்துவமனையை நம்பித்தான் ஓடும். நாள்பட்ட நோய் உள்ளவரை, மருத்துவமனை உள்ள மத்திய சிறைக்கு மாற்றச் சொல்லி வக்கீல் மூலம் கேட்கலாம்.

எதற்கெல்லாம் ஒரு நாளும் காத்திருக்க முடியாது

தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தப்பட்டால் முதல் நான்கைந்து நாள் ஆபத்தானது. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று தொடங்கி, இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கு மேல் இல்லாத ஆளைப் பார்ப்பது, உளறுவது என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். உள்ளே இதைப் பார்ப்பவர்கள் "நடிக்கிறான்" என்றோ "பைத்தியம்" என்றோ நினைத்துவிடுவார்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். "தினமும் இவ்வளவு குடிப்பார், கடைசியாகக் குடித்தது இந்த நாள்" என்று மருத்துவ அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள். இதற்கு மருந்து இருக்கிறது, நேரத்துக்குக் கொடுத்தால் ஆள் பிழைத்துக்கொள்வார்.

சர்க்கரை நோய்க்கு இன்னொரு சிக்கல் உண்டு. சிறையில் இரவுச் சாப்பாட்டை மாலையிலேயே கொடுத்து, இருட்டுவதற்குள் லாக்கப் செய்துவிடுவார்கள். ஊசியோ மாத்திரையோ போட்டுவிட்டு மாலை சாப்பிட்டதோடு படுப்பவருக்கு நள்ளிரவில் சர்க்கரை இறங்கிவிடலாம். கேண்டீனில் பிஸ்கட் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மருந்து நேரத்தை உணவு நேரத்துக்கு ஏற்ப மாற்றும்படி மருத்துவ அலுவலரிடம் கேட்கச் சொல்லுங்கள். இன்சுலினையும் ஊசியையும் செல்லில் வைக்க விட மாட்டார்கள். சிறை மருத்துவமனையில்தான் போடுவார்கள் என்பதால், வேளை தவறுகிறதா என்று ஒவ்வொரு மனுவிலும் கேளுங்கள். (சிறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக: நேர்காணலைத்தான் எல்லோரும் "மனு பார்ப்பது" என்கிறார்கள்.)

காசநோய் மருந்தை நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். ஆறு மாத மருந்தில் எத்தனை மாதம் முடிந்தது, நிக்சய் எண் (அரசின் காசநோய்ப் பதிவு எண்) என்ன என்று எழுதிக் கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எச்.ஐ.வி. உள்ளவர் விஷயத்தில் அந்தக் குறிப்பை மூடிய உறையில் மருத்துவ அலுவலருக்கு மட்டும் கொடுங்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ரகசியத்தைக் காக்கிறது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. சிகிச்சை சிறையிலும் அவருடைய உரிமை.

வலிப்புள்ளவர், கூட இருப்பவர்களிடம் சொல்லி வைக்க வேண்டும். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. என் தம்பியின் பிளாக்கில் இருந்த ஒரு பெரியவர் இதைக் கற்றுக்கொண்டு, பிறகு இரண்டு பேருக்கு உதவியதாகச் சொன்னான்.

மருந்தை உள்ளே சேர்ப்பது

முதலில் கேட்க வேண்டியது: இந்த மருந்து சிறை மருத்துவமனையில் இருக்கிறதா? இருந்தால் அதையே தரட்டும். இல்லையென்றால்தான் வெளி மருந்து. மருத்துவ அலுவலரின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் உள்ளே போகாது.

வாசலில் நான் பார்த்த ஒரு காட்சி. வயதான அம்மா ஒருவர் மகனுக்கு ஒரு மாதத்து பி.பி. மாத்திரையைக் காலை, இரவு என்று அழகாகப் பிரித்து, சின்னச் சின்னக் கவரில் போட்டு, ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதிக் கொண்டுவந்திருந்தார். பிரித்த மாத்திரை என்ன மாத்திரை என்று யாருக்குத் தெரியும்? அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று பஸ் மாறி வந்தவர். அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்: அட்டையைப் பிரிக்காதீர்கள், வெட்டாதீர்கள். பெயர், காலாவதித் தேதி, கடை பில், சமீபத்திய மருந்துச் சீட்டு நான்கும் ஒன்றாக இருக்கட்டும்.

தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை, சில வலி மாத்திரைகள் என்றால் வாசலில் கெடுபிடி அதிகம். போதைக்காகக் கடத்தப்படுபவை என்பதால் சந்தேகப்படுகிறார்கள். இப்படிப்பட்ட மருந்துக்கு அரசு மருத்துவமனைச் சீட்டு இருந்தால் நல்லது. "உள்ளே சேர்த்துத் தருகிறேன், காசு கொடு" என்று யாராவது வந்தால் ஒதுங்கிவிடுங்கள். தடைசெய்த பொருளை உள்ளே அனுப்புவது சிறைகள் சட்டத்தின் 42-ஆவது பிரிவில் குற்றம். வழக்கு உங்கள் மேலேயே வரும்.

கண்ணாடி, காது மெஷின், பல் செட், ஊன்றுகோல் இவையும் மருத்துவம்தான். திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஸ்டான் சுவாமி பாதிரியார், பார்க்கின்சன் நோயோடு மும்பை அருகே தலோஜா சிறையில் இருந்தார். கை நடுங்கி டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்க ஒரு ஸ்ட்ராவுக்கும் சிப்பருக்கும் 2020 நவம்பரில் நீதிமன்றத்தில் மனு போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5-ஆம் தேதி, 84 வயதில், விசாரணைக் கைதியாகவே இறந்தார். ஒரு ஸ்ட்ராவுக்கு இந்தப் பாடு என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் வீட்டு ஆளுக்குத் தேவையான பொருளை முதல் நாள் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

மனு பார்க்கும் அந்தச் சில நிமிடங்கள்

கம்பிக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அழுதே நேரம் போய்விடும். அதனால் கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மாத்திரை தினமும் வருகிறதா? டாக்டரைக் கடைசியாக என்றைக்குப் பார்த்தாய்? என்ன சொன்னார்? தூக்கம், சாப்பாடு எப்படி? பதிலைச் சொல்லும்போதே முகத்தையும் கையையும் பாருங்கள். சட்டைக் காலர் தொளதொளத்திருந்தால் எடை குறைந்திருக்கிறது. வெளியே வந்ததும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். நேரில் போக முடியாத வாரத்தில், இ-பிரிசன்ஸ் தளத்தில் இ-முலாகாத் பதிவு செய்து வீடியோவில் பேச முடியுமா என்று சிறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே இருப்பவருக்கும் ஒன்று சொல்லிக் கொடுங்கள். உடம்பு முடியவில்லை, மருத்துவரைப் பார்க்கணும் என்று வார்டரிடம் சொன்னால், அவர் தாமதிக்காமல் ஜெயிலருக்குத் தெரிவிக்க வேண்டும். இது சிறைகள் சட்டத்தின் 37-ஆவது பிரிவு. மருத்துவர் சொல்லும் சிகிச்சை அன்றன்றே ஹிஸ்டரி டிக்கெட்டில், அதாவது அந்தக் கைதிக்கான பதிவு அட்டையில், ஏற வேண்டும், இது 38. "எழுதிட்டீங்களா சார்?" என்று பணிவாகக் கேட்டால் போதும். ரிமாண்ட் நீட்டிப்புக்காக 15 நாளுக்கு ஒரு முறையாவது நேரிலோ வீடியோவிலோ மாஜிஸ்திரேட் முன் வருவார். அங்கேயும் உடம்பைப் பற்றிச் சொல்லலாம்.

ஜாமீன் தள்ளுபடியான வாரமும் தீர்ப்பு வந்த வாரமும் மனதளவில் மோசமானவை. பேச்சு குறைவது, "இனி வராதீங்க" என்பது, சாமான்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது இவற்றைக் கண்டால் அன்றே கண்காணிப்பாளரிடம் சொல்லுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-ஆவது பிரிவு சிறைவாசிகளுக்கானது. சிறையில் பார்க்க முடியாத நிலை என்றால் மனநல மருத்துவமனைக்கு மாற்றக் கேட்கலாம்.

வெளி மருத்துவமனை

சிறை மருத்துவர் எழுதினால் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். புழல் என்றால் ஸ்டான்லி, மதுரை என்றால் ராஜாஜி, பாளையங்கோட்டை என்றால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பெரும்பாலும் தடை எங்கே வருகிறது தெரியுமா? வழிக்காவலுக்கு ஆயுதப்படைப் போலீஸ் கிடைக்காமல் ஸ்கேன் தேதி தவறிவிடும். ஒரு தடவை தவறினால் கடிதம் எழுதுங்கள். இரண்டாம் தடவை தவறினால், குறிப்பிட்ட நாளுக்குள் கொண்டுபோகும்படி நீதிமன்ற உத்தரவு கேளுங்கள்.

அழைத்துப் போகும் நாளை உங்களிடம் சொல்ல மாட்டார்கள். எப்படியோ தெரிந்துகொண்டு போய் ஓ.பி.யில் சாப்பாடோ போனோ கொடுக்க முயலாதீர்கள். அடுத்த முறை கூட்டிப்போகவே தயங்குவார்கள். கைதிகள் வார்டில் அட்மிட் ஆகியிருந்தால் கண்காணிப்பாளரிடம் அனுமதி கேட்டுப் பார்க்கலாம்.

தனியார் மருத்துவமனை வேண்டும் என்றால் நீதிமன்றம்தான் வழி, செலவும் உங்களுடையது. 2023 ஜூனில் அப்போதைய அமைச்சர் செந்தில் பாலாஜியைத் தனியார் மருத்துவமனைக்கு மாற்ற சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்தபோதும் செலவை அவரே ஏற்க வேண்டும் என்றுதான் சொன்னது. சாதாரணக் குடும்பத்துக்கு இது பெரும்பாலும் எட்டாத வழி. கடன் வாங்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

மருத்துவ ஜாமீனும் விடுப்பும்

சுரக்ஷா சன்ஹிதாவின் 480-ஆவது பிரிவில், நோயுற்றவர், தளர்ந்தவர், பெண்கள் ஆகியோரை ஜாமீனில் விடலாம் என்று விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் நோய் இருப்பது மட்டும் போதாது. அந்த நோய்க்குச் சிறையிலிருந்தபடி வைத்தியம் பார்க்க முடியாது என்று காட்ட வேண்டும். அதே செந்தில் பாலாஜி 2023 நவம்பரில் மருத்துவ ஜாமீன் கேட்டபோது, மருந்தால் சமாளிக்கக்கூடியதே என்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே வெளியே எத்தனை சான்றிதழ் வாங்கினாலும், தவறிய மருத்துவமனைத் தேதிகள், கிடைக்காத மருந்து, குறைந்த எடை இவற்றைத் தேதியோடு எழுதிய உங்கள் நோட்டுதான் வக்கீலுக்கு உண்மையான பலம். அரசு மருத்துவமனை அறிக்கையை வரவழைக்கும்படி நீதிமன்றத்தையே கேட்கச் சொல்லுங்கள்.

மாவட்டத்தில் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு என்று ஒன்று உண்டு. மாவட்ட நீதிபதி தலைமையில் கூடும். சிறப்புச் சிகிச்சை தேவைப்படும் நோயாளிகளும் அது பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கிறார்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினாலே பெயர் அங்கே போகும்.

தண்டனைக் கைதி என்றால் பரோல், அதாவது விடுப்பு. பேரறிவாளனுக்காக அற்புதம்மாள் ஆண்டுக்கணக்கில் செய்ததை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். மகனின் மருத்துவ ஆவணங்களை வைத்துக்கொண்டு மனு மேல் மனு போட்டு சிகிச்சைக்காக விடுப்பு வாங்கினார். 2022 மே 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தபோது கணக்கில் எடுத்துக்கொண்ட காரணங்களில், மருத்துவ ஆவணங்களில் தெரிந்த நாள்பட்ட நோய்களும் ஒன்று.

பெண்களுக்கு: ஆறு வயது வரை குழந்தை தாயுடன் இருக்கலாம். பிரசவம் முடிந்தவரை சிறைக்கு வெளியே உள்ள மருத்துவமனையில் நடக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழில் சிறை என்று வரக்கூடாது. 2006-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் இவை. தடுப்பூசி அட்டையை மறக்காமல் உள்ளே கொடுங்கள்.

யாரும் கேட்கவில்லை என்றால்

கடிதத்துக்கு ஒரு வாரம். அப்புறம் சிறைத்துறைத் தலைமைக்கு, அதே கடிதத்தின் நகலோடு. கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 7-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வரியை மேலேயே எழுதுங்கள். மருத்துவ விவரம் தனிப்பட்டது என்று மறுக்காமலிருக்க, உள்ளே இருப்பவரின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை இணையுங்கள்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். இது வீண் வேலை என்று நினைக்க வேண்டாம். கோவை மத்திய சிறையில் இருந்த, தசைச் சிதைவு நோயுள்ள ஒரு வழக்கறிஞர், உணவும் சிகிச்சையும் சரியில்லை என்று ஆணையத்துக்குப் போனார். அந்த வழக்கு 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வரை போய், உயர் நீதிமன்றம் கொடுத்த 5 லட்சம் இழப்பீடு உறுதியானது. தமிழ்நாட்டுச் சிறைகள் எல்லாவற்றிலும் மாற்றுத்திறனாளிகளை அட்மிஷனிலேயே அடையாளம் கண்டு வசதி செய்யவும் உத்தரவு வந்தது.

உயிருக்கு ஆபத்து என்றால் இந்த வரிசை எதுவும் வேண்டாம். நேரே உயர் நீதிமன்றம். தென் மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளை.

எழுதவே கை வரவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்: சிறையில் இறப்பு நேர்ந்தால் மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம், உறவினர் உடனிருக்கலாம். பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கக் கேட்கலாம். வக்கீலைப் பார்க்கும் முன் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

வெளியே வரும் நாள்

ஜாமீன் உத்தரவு போய்ச் சேர்ந்து ஆள் வெளியே வரப் பெரும்பாலும் பொழுது சாய்ந்துவிடும். அந்த நேரத்தில் சிறை மருத்துவமனையில் போய் மருந்து வாங்க முடியாது. எனவே முந்தைய மனுவிலேயே சொல்லி, நடந்த சிகிச்சையின் நகலையும், காசநோய் அல்லது ஏ.ஆர்.டி. மருந்து என்றால் எந்த மையத்தில் தொடர வேண்டும் என்ற சீட்டையும் கேட்டு வையுங்கள். தம்பி வந்த அன்று ஒரு தண்ணீர் பாட்டிலும், இரவு வேளை மாத்திரையும், இரண்டு வாழைப்பழமும் கொண்டுபோயிருந்தேன். வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்ததும் பழத்தைச் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "மணி எட்டாயிடுச்சா அக்கா?" என்று கேட்டான். ஏழே முக்கால்தான் ஆகியிருந்தது.